கதவைத் தாண்டாத இறக்கை

பாப்பா அப்பாவுக்கு,

போனில் நீங்கள் "விமானப் படம் எப்படி வருது?" என்று கேட்கும்போதெல்லாம் பாப்பாவுக்குப் பல் முளைக்கிற கதையைச் சொல்லி நழுவிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது, புது எஞ்சின் பழையதைவிட இரண்டு மடங்கு பெரிது, அதற்குத் தகுந்தபடி நீங்கள் செய்து பறக்கவிடும் குட்டி பொம்மை விமானத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கி வை என்றீர்கள். "எத்தனை மடங்குன்னு யோசிச்சுப் போடு" என்று வேறு சொன்னீர்கள். "கணக்குல பட்டம் வாங்கினது யாரு, நீங்களா நானா?" என்று வாயடித்தேன். "சரிங்க, கணக்குப்புலி" என்று சிரித்தீர்கள்.

எஞ்சின் இரண்டு மடங்கு என்பதால் படத்தையும் இரண்டு மடங்காக வரைந்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? நீங்கள் அசந்துபோக வேண்டுமென்று, நீங்கள் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த லேசான பால்சா மரத்தை எல்லாம் வெட்டி இறக்கையையும் ஒட்டிவிட்டேன். இப்போது அது படுக்கையறைக் கதவைத் தாண்டாது. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும் என்பது, பாப்பாவுக்குப் பால் புகட்டிக்கொண்டே அதை வெறித்தபோதுதான் உறைத்தது. பள்ளிக்கூடப் பாடம்ங்க அது.

புட்டி கழுவியே இவள் மூளை மழுங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனையும்.

உங்கள் அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சிரிக்கலாம்.

புது எஞ்சின் இரண்டு மடங்கு எடையைத்தானே தூக்கும், அதற்கு நீளம் ஒன்றேகால் மடங்கு போதும். இந்த இறக்கையைப் பிரித்தால் அதற்கு மரம் தேறும் என்று நினைக்கிறேன். வெட்டுவதற்குமுன் கணக்கை நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புலி இல்லை, பாப்பா அம்மா