லேபிள் அடுக்கை மாற்றியது நான்

ஆடி 18, செவ்வாய்.

பேத்தி செல்வி நர்ஸ் படிப்பில் கல்லூரியிலேயே முதலாவது. பேரன் மாரிக்கு ஓட்டப்பந்தயத்தில் மாவட்டக் கோப்பை. சின்னவள் பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்கிறாள். இந்த வரிசையில் இன்றைக்கு என் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும்.

பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன். பசைக் கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் எல்லோரும் லேபிள் அடுக்கை வைப்போம். பசை அதன்மேல் சொட்டி லேபிள் வீணாகும். போன வாரம் நான் அடுக்கைப் பசை சொட்டாத இடப்பக்கம் மாற்றினேன். நேற்று பெட்டிக்கு அடியில் பலகைத் துண்டு கொடுத்தேன், குனிவது குறைந்தது.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு இன்சினியர் வேலை பாக்கீகளோ அப்பத்தா?" என்று போர்மேன் கேலி செய்தான்.

இன்று முதலாளி வந்து என் இடத்தைப் பார்த்தார். "ஒரு லேபிள்கூட வீணாகலையே! யாரு யோசனை?"

"நாந்தான் மொதலாளி சொல்லிக்குடுத்தேன்" என்றான் அதே போர்மேன். நான் பசைக் கையைத் துடைத்து எழுவதற்குள் முதலாளி போய்விட்டார். மத்தியானத்துக்குள் 'நல்ல யோசனை' என்று அவன் படம் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது.

சாயங்காலம் வாசலில் அவனை மறித்தேன். "தம்பி, நாளைக்கு மொதலாளிகிட்ட நானே சொல்லப்போறேன்."

"ஏன் அப்பத்தா, வேலை வேணாமாக்கும்?"

"வேணும்லே. அதான் சொல்லப்போறேன்."

விரட்டினால் விரட்டட்டும், கம்பெனியா இல்லை இந்த ஊரில்? காலையில் வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் முதலாளி அறைக்குப் போவேன். அவன் படத்தை எடுத்துவிட்டு, பசைக் கையோடு என்னைப் புதுசாகப் படம் பிடித்து அங்கே ஒட்டுங்கள் என்று கேட்பேன்.