ஓர்கன் மேல் ஓட்டோக் கண்ணாடி

இல்லை, கழற்றவில்லை. கண்ணாடி அங்கேயேதான் இருக்கிறது. ஓர்கனின் வலது மேல்மூலையில், நீ முறுக்கிய கம்பியோடு. தூசிதான் ஏறியிருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் மூடியைத் திறந்து காற்று மோட்டரைப் போட்டேன். முதல் காற்றோடு அந்த மணம் வந்தது. பழைய மரம், ஈரம், எலிக்காகப் போட்டு வைத்த பூச்சி உருண்டை. மணத்தைத் தாங்க முடிந்தது. கண்ணாடியைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நீ போன பிறகு நான் வாசிக்கவில்லை. போதகர் கேட்டபோதெல்லாம் வேலை அதிகம் என்றேன். சபை பென் டிரைவில் பதிந்த இசைக்குப் பாடியது. ஒலிபெருக்கி யாருக்காகவும் நிற்பதில்லை. வரியின் கடைசிச் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் அடுத்த வரிக்கு ஓடினார்கள். கடைசி வாங்கில், அந்த நீள இருக்கையின் ஓரத்தில் நின்று நானும் ஓடினேன்.

போன வாரம் போதகர் என்னைப் படியில் மறித்தார்.

"ஒரு ஞாயிறு வாசிச்சுப் பாருங்க. முடியலேன்னா ஓர்கனைப் பூட்டிடுவோம். அதுக்குப் பிறகு கேட்க மாட்டேன்."

கோபமில்லாமல் சொன்னார். அதனால் மறுக்க முடியவில்லை.

ஓர்கன் வாசிப்பவளுக்குச் சபை முதுகுப் பக்கம். காதால்தான் அவர்களைத் தெரியும். பழகாத கைகள் செய்கிற பிழை அங்கேதான் தொடங்கும். சபை சற்றுப் பிந்தும். அதைக் கேட்டு நான் காத்திருப்பேன். நான் காத்திருப்பதைக் கேட்டு அவர்கள் இன்னும் பிந்துவார்கள். நான்கு சரணம் முடிவதற்குள் பாட்டு படுத்துவிடும்.

பாமசியில் வேலை முடித்து, மருந்து வாசத்தோடு நீ பாடற்பயிற்சிக்கு வருவாய். ஒருநாள் பாட்டுக்கு நடுவில் கைதட்டி நிறுத்தினாய்.

"ஏண்டி, இப்படி இழுக்கிற?"

"நான் எங்க இழுக்கிறேன்? நீங்கதான்."

"நீ எங்களக் கேக்குற, நாங்க உன்னக் கேக்குறோம். இப்படியே போனா மத்தியானச் சோறு கெடைக்காதுடி."

அடுத்த விடுமுறையில் என்னை அக்குறணைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாய். எதற்கென்று சொல்லவில்லை. வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் ஏறி, ஓட்டோவுக்குப் பூட்டுகிற பக்கக் கண்ணாடி கேட்டாய்.

"எந்தப் பக்கம் மகள்?" என்றார் கடைக்காரர். முஸ்லிம் அண்ணன் என்பதால் அவரை நானா என்றே நீ கூப்பிட்டாய்.

"ஓட்டோவுக்கு இல்ல நானா. சேர்ச்சில ஓர்கனுக்கு. பின்னால வாறது இவளுக்குத் தெரியணும்."

"பின்னால என்ன வாற?"

"முழுச் சபையும் வருது நானா."

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் தந்தார். "அப்ப ஹோர்னும் ஒண்டு கொண்டு போங்க."

திரும்பும் பஸ் கட்டுகஸ்தோட்டை வரும்வரை சிரித்தோம்.

கண்ணாடியை மூன்றாவது வாங்கின் நுனிக்குத் திருப்பிக் கட்டினாய். அது உன் இடம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் முகவாய் நாடியைச் சற்று உயர்த்துவாய். "காத மூடிக்க. என் நாடியப் பாரு." பார்த்தேன். பாட்டு எழுந்து நடந்தது. அந்தச் சிறிய வட்டத்தில் உன்னைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததாக நினைவில்லை.

பிறகு டெங்கு. ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன் அம்மா உன்னை அடக்கம் செய்யச் சொந்த ஊரான தெல்தோட்டைக்கே கொண்டுபோகச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துச் சிறிய ஆலயத்தில் ஓர்கன் இல்லை. அன்று எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஞாயிறு. முதல் பாட்டு.

கண்ணாடியில் மூன்றாவது வாங்கின் நுனி. காலி. யாரும் அங்கே உட்காருவதில்லை. அப்படி யாரும் சொல்லி வைக்கவுமில்லை. நான் கட்டைகளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். காதால் வாசித்தேன். முதல் சரணம் பிந்தியது. இரண்டாவதில் நானும் அவர்களும் ஒருவருக்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தோம். முன் வாங்கிலிருந்து ஒரு கிழவியின் குரல், பாட்டைவிடத் தெளிவாக: "இழுக்குது, இழுக்குது."

இன்னும் இரண்டு சரணம். நிமிர்ந்தேன்.

நீ இல்லை. நீ நின்ற இடைவெளி வழியாக நான்காவது வாங்கு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஐந்தாவது. பிறகு கதவு வரைக்கும் எல்லோரும், அந்த வளைந்த கண்ணாடியில் சின்னச் சின்னதாக. வரி முடிந்தது. தோள்கள் உயர்ந்தன. ஒருவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதுவும் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது.

மூச்சு.

நீ எனக்குக் காட்டியது சைகை என்று நினைத்திருந்தேன். நீ பாடுவதற்கு மூச்சு எடுத்திருக்கிறாய், அவ்வளவுதான். உன் பின்னால் எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களை நீ மறைத்துக்கொண்டு நின்றாய்.

தோள்கள் அடுத்த முறை உயர்ந்தபோது நானும் மூச்சு எடுத்தேன். அவை இறங்கும்போது விரல்களை வைத்தேன். மூன்றாவது சரணம் போனது. நான்காவதும். கடைசிச் சொல் வரைக்கும் பாடினார்கள்.

ஆராதனை முடிந்து போதகர் சாவியுடன் வந்தார். ஒன்றும் கேட்காமல் அதை ஓர்கன் மேல் வைத்துவிட்டுப் போனார். முன் வாங்குக் கிழவி கைப்பையைத் தேடியபடி நின்றாள்.

"மொதல்ல இழுத்த. பொறகு சரியா வந்துட்ட."

"ஓ, பாட்டி."

"வாசிக்கும்போது நாடியத் தூக்குறியே புள்ள. அவளும் அப்பிடித்தான்."

எனக்குத் தெரியாது. என் நாடியை நான் எப்படிப் பார்ப்பேன்?

எல்லோரும் போனதும் கைக்குட்டையை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். கம்பியைத் தளர்த்தி, கதவும் முழுதாகத் தெரியும்படி கொஞ்சம் திருப்பினேன். உன் வாங்கின் நுனி இப்போது ஓரத்தில் தெரிகிறது. கம்பியை இறுக்கினேன். மோட்டரை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.