தொப்பூர் மேட்டில் நின்ற வண்டியும் நான்கு மணிக் குஸ்தியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தருமபுரியில் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிப்பவனும், நம் குஸ்திச் சபையின் காரியதரிசியும், உங்கள் மனைவி காவேரியின் தமையனுமான சதாசிவம் எழுதுவது. நோக்கம் இரண்டு. உங்கள் மீது ஒரு புகார் சொல்ல வேண்டும். நான் செய்த ஒரு பிழையை ஊரறிய ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நீங்கள் இறந்து ஓராண்டு நிறைகிற இவ்வாரத்தில் உங்கள் படத்துக்கு மாலை சாத்திக் கும்பிட்டுவிட்டுப் போவது எளிது. அதைக் காவேரி செய்துவிட்டாள். எனக்கு உங்களோடு பேசியாக வேண்டும். இதை அச்சடித்து, உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அனைவருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தபோது நாம் வாடா ரங்கா, போடா சதாசிவம் என்றுதான் பேசினோம். நீங்கள் என் தங்கையை மணந்த நாள் முதல் முறைப்படி ‘நீங்கள்’ என்றானது. முறை என்றால் அதை இரண்டு பக்கமும் பேண வேண்டாமா? நான் எழுதிய சபை விதிகளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டீர்களே, அது எந்த முறை? “எழுதிக்கோங்க மச்சான், எழுதறதுக்கு ஒருத்தர் வேணுமில்லீங்களா” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் போன வாரம்தான் விளங்கியது.

முதலில் ஊர்ச் செய்தி. யுத்தம் இன்னும் முடியவில்லை. ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள் அல்லவா, அந்த மேட்டில் இப்போது ஆடு மேய்கிறது. ரயில் இல்லாமல் போனாலும் ஊர் சுருங்கவில்லை, மாறாகப் பெருத்துக்கொண்டிருக்கிறது. சந்தைக்கு வருகிற புளி கூடியிருக்கிறது, கடைவீதியில் புதுக் கடைகள் வந்திருக்கின்றன. பெட்ரோல் கிடைப்பதில்லை. உங்கள் இரண்டு பஸ்களும் பின்னால் கரி உலையைச் சுமந்துகொண்டு, அதில் எழும் வாயுவின் பலத்தில் புகையைக் கக்கிக்கொண்டு ஓடுகின்றன. நிர்வாகம் காவேரி கையில். டிரைவர்கள் உங்களுக்குப் பயந்ததைவிட அவளுக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள்.

ஒரு பயில்வான் தன் உடம்பை வைத்தே பிழைக்க வேண்டுமானால் அவனுக்கு ஒரு சமஸ்தானமோ ஜமீனோ ஆதரவு தர வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நம் ஊரில் அவை இல்லை. இருந்தவை ஒரு புளி மண்டி, ஒரு எண்ணெய்ச் செக்கு, ஒரு சோடாக் கடை, உங்கள் இரண்டு பஸ். இவற்றை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு கோதாவை உண்டாக்கினீர்கள். புளி வராத மாதங்களில் மண்டி முற்றத்தை மண்டிக்காரர் அங்கமுத்து கொடுத்தார். மண்ணில் கலக்கவும் உடம்பில் தேய்க்கவும் செக்குக்காரர் எண்ணெய் கொடுத்தார். பயில்வான் மாதையனுக்கு நீங்கள் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கொடுத்தீர்கள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு காலையில் கர்லாக்கட்டை சுற்றி, பகலில் டிக்கெட் கொடுத்து, விசேஷ நாளில் குஸ்தி பிடிக்கிற மனிதனை இந்தச் சீமை அதுவரை பார்த்ததில்லை. இதற்கெல்லாம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அதனால்தான் விதிகளை எழுதினேன். எழுதியது குற்றமா?

ஐந்தாம் விதி இது: ‘ஆட்டம் மாலை சரியாக நான்கு மணிக்குத் தொடங்கும். பத்து நிமிடத்துக்குள் கோதாவில் இறங்காத பயில்வான் தோற்றவராகக் கருதப்படுவார்.’ நீங்கள் இருந்தவரை இந்த விதி ஒருநாளும் நடைமுறைக்கு வந்ததில்லை. நான் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களிடம் வருவேன்.

“மாப்பிள்ளை, நாலு ஆச்சு.”

“ஆச்சுங்க மச்சான். மண்ணு எப்படிக் காஞ்சு கெடக்குது பாருங்க. ரெண்டு கொடம் தண்ணி தெளிச்சுரலாம்.”

தண்ணீர் தெளித்து முடிந்ததும் மேளக்காரர்களுக்குக் காப்பி வந்திருக்காது. காப்பி குடித்து முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவீர்கள். “இப்ப நம்ம வாத்தியாரு மச்சான் குஸ்தி விதிகளப் பத்தி நாலு வார்த்த பேசுவாருங்க. எல்லாரும் அமைதியா கேக்கோணும்.” நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து பேசினேன். பிடி எது, பிசகு எது, முதுகு மண்ணில் படுவது என்றால் என்ன என்று விளக்கமாகவே பேசினேன். விதிகளைப் படிக்காவிட்டாலும் அவற்றின் மீது உங்களுக்கு ஒரு மதிப்பு உண்டென்று நினைத்திருந்தேன், மாப்பிள்ளை.

போன வாரம் உங்கள் நினைவாக ஒரு குஸ்தி வைத்தோம். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டம். கோலாரிலிருந்து பசப்பா என்ற பயில்வான் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார். நம் பக்கம் மாதையன். சாதாரண ஆட்டமாக இருந்தால் நான் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன். பட்டாளத்துக்குச் சரக்குச் சேர்க்கிற ஒரு காண்டிராக்டர் மண்டி முற்றத்தை வருஷம் முழுவதற்கும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் நன்றாக வந்தால் முற்றம் குஸ்திக்கே, இல்லாவிட்டால் காண்டிராக்டருக்கு என்று அங்கமுத்து முன்பே சொல்லியிருந்தார்.

ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். மண்ணை மத்தியானமே நனைத்தாயிற்று. காப்பி மூன்றரைக்கே வந்துவிட்டது. நான்கு மணி அடித்தது. பசப்பா தொடையைத் தட்டிக்கொண்டு கோதாவில் இறங்கினார். மாதையன் இல்லை. முற்றத்தில் பாதிகூட நிறையவில்லை. என்னைப் பேசச் சொல்ல யாரும் இல்லை. நானாக எழுந்து பேசுவது மரியாதை அல்ல என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு பத்துக்குப் பசப்பா வென்றதாக அறிவித்தேன்.

வெற்றித் தலைப்பாகையை நீட்டியபோது பசப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “பேடா சாமி, வேணாம். நான் யார்கூட குஸ்தி புடிச்சேன்? உங்க கடியாரத்துகூடவா? அது முதுகு எங்க இருக்குது, காட்டுங்க, மண்ணுல போடறேன்” என்றார். வந்திருந்த கொஞ்சம் பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

அதன்பின் அரைமணி நேரம் கழித்துச் சேலம் பஸ் வந்தது. உள்ளே உட்கார இடமில்லாமல் கூரை மேலும் ஆட்கள். தொப்பூர், நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை என்று வழியெங்கும் ஏறியவர்கள், எல்லாரும் குஸ்தி பார்க்க வந்தவர்கள். கணவாய் மேட்டில் வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டதாம். மாதையன் இறங்கி, உலையைக் கிளறி, அதற்குக் காற்றூதும் விசிறியின் கைப்பிடியைச் சுற்றி, மற்றவர்களோடு முதுகைக் கொடுத்துத் தள்ளி, நின்று நின்று மேடேற்றியிருக்கிறான். முகமெல்லாம் கரி. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“வந்துட்டனுங்க வாத்தியாரே. மண்ணு நனைச்சாச்சுங்களா? ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு எறங்கிடறனுங்க.”

ஆட்டம் முடிந்துவிட்டது, நீ தோற்றுவிட்டாய் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவன் “சரிங்க” என்றான். பிறகு தண்ணீர்ச் சொம்பைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, உலைச் சாம்பலை வாரப் போய்விட்டான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சோடாக் கடைக்காரர் மட்டும் மரியாதையாகப் பேசினார்: “வாத்தியாரே, உங்க நாலு பத்துக்கு ஒரு சோடாகூட ஒடையலீங்க.”

மறுநாள் அங்கமுத்துவிடம் போனேன். “நான் எடத்தக் குடுத்தது குஸ்திக்குங்க, கடியாரத்துக்கு இல்லீங்க” என்றார். காண்டிராக்டருக்குச் சரி என்று சொல்லப்போவதாகவும் சொன்னார். மாதையனைச் சேலத்து மில் முதலாளி ஒருவர் கூப்பிட்டிருக்கிறாராம். அங்கே பயில்வான்களுக்கென்றே ஒரு கொட்டகை. வண்டி தள்ளுகிற வேலை இல்லை. ஆக, நீங்கள் பத்து வருஷமாகக் கட்டியதை நான் பத்து நிமிடத்தில் கலைத்திருந்தேன். விதிப்படிதான் கலைத்தேன் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

கோபம் முழுவதையும் காவேரியிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவள் பஸ் ஷெட்டில் கரி மூட்டைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தாள்.

“மாதையனுக்கு அன்றைக்கு லீவு கொடுத்திருக்கக் கூடாதா?” என்றேன்.

“குடுத்தா வண்டிய யாருங்கண்ணா மேடேத்தறது? நீங்களா?” என்றாள். “அவன் இல்லாம வண்டி வராது. வண்டி வராம சனம் வராது. சனம் வராம குஸ்தி ஏது? இத்தன வருசமா கோதாவுக்குப் பக்கத்துலயே நின்னீங்களே, இது தெரியலீங்களா?”

“மாப்பிள்ளை எப்படிச் சமாளித்தார்?”

“அவரு எங்க சமாளிச்சாரு? வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் நேரத்தத் தள்ளுனாரு. தண்ணி தெளிப்பாரு, காப்பி குடுப்பாரு. அப்பறமும் வரலீன்னா உங்களப் பேச வுடுவாரு.”

நான் கரி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும் கொஞ்சம் மனது கேட்கவில்லை போலும். “மச்சான் பேச ஆரம்பிச்சா அரைமணி நேரத்துக்குக் கவல இல்ல காவேரின்னு சொல்லுவாருங்கண்ணா. ஊருல யாரு பேசுனாலும் சனம் எந்திரிச்சுப் போயிருமாம். உங்களுக்கு மட்டும்தான் பயந்துக்கிட்டு ஒக்காந்திருக்குமாம்” என்றாள்.

இதுதான் என் புகார், மாப்பிள்ளை. அத்தனை ஆண்டுகளும் நான் உங்களுக்கு நேரத்தைத் தள்ளித் தந்திருக்கிறேன். அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் போன வாரம் நான் நாலு மணிக்கு எழுந்து நின்று, விதிகளை மட்டுமல்ல, விரிவுரையும் சேர்த்துப் பேசியிருக்க மாட்டேனா? சொன்னால் நான் பேச மறுத்துவிடுவேன் என்று பயந்தீர்களா? மறுத்திருப்பேன்தான். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மனிதனை இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டு வைத்திருந்துவிட்டு, அந்தக் கணக்கை அவனிடம் காட்டாமலே போவதா?

நேற்று மாதையன் வீட்டுக்குப் போனேன். உள்ளங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். விதியைத் தவறாகப் பயன்படுத்தியது நான் என்றும், அந்த ஆட்டம் செல்லாது என்றும் சொன்னேன். பசப்பா இன்னும் ஊர் திரும்பவில்லை. கை கலக்காமல் போனால் கோலாரில் சிரிப்பார்கள் என்று மண்டியிலேயே படுத்திருக்கிறார். அவரைச் சாட்சியாக வைத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை அங்கமுத்துவிடம் தவணை வாங்கியிருப்பதையும் சொன்னேன்.

“ரூலு ரூலுதானுங்களே, வாத்தியாரே. உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க” என்றான். “ஆனா வண்டியையும் தள்ளி, நாலு மணிக்கும் வந்து நிக்கறதுக்கு எனக்கு ரெண்டு ஒடம்பு இல்லீங்க. அன்னிக்கு ஒரு நாளு வண்டிக்கு வேற ஆளப் போடுங்க. நான் காலையிலிருந்தே கோதாவுல கெடக்கறேன். இல்லீன்னா சேலத்துக்காரருக்குச் சொல்லி வுட்டுடுங்க.”

வேறு ஆளுக்குப் பஸ் ஷெட்டில் கேட்டேன். கிடைக்கவில்லை. கிளீனர்களில் ஒருவன் காய்ச்சலில் கிடக்கிறான், மற்றவன் தன் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான். காவேரி என்னை உலைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். கரிக்கு நெருப்பு எப்படிப் பற்றவைப்பது, விசிறியை எந்தப் பக்கம் சுற்றுவது, எப்போது நிறுத்துவது என்று எனக்குச் செய்து காட்டினாள். இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். தோள் வலிக்கிறது. கண்ணாடியில் புகை படிகிறது. வேட்டியின் கீழ்ப்பக்கம் ஒரு பொத்தல் விழுந்துவிட்டது. உங்கள் வண்டியைப் பற்றி எனக்கு இருந்த தாழ்ந்த அபிப்பிராயத்தில் மாற்றம் ஏதுமில்லை.

ஆகவே இதைப் படிக்கிற அனைவருக்கும், முதலில் உங்களுக்கும், அறிவிப்பது: ஐந்தாம் விதியை நான் அடித்துவிட்டேன். அதன் இடத்தில், ‘சேலம் பஸ் வந்து, அதிலிருந்து கடைசி ஆள் இறங்கி உட்கார்ந்த பிறகே ஆட்டம் தொடங்கும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த விதிகளில் இதுதான் நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதையனும் பசப்பாவும் மண்டி முற்றத்தில் இருப்பார்கள். கடிகாரம் காவேரியிடம் இருக்கும். அதை அவள் பார்க்க வேண்டிய அவசியமில்லை. விதிகளைப் பற்றி அன்று யாரும் பேச மாட்டார்கள்; மேளம் அடிக்கட்டும். நான் அங்கே இருக்க மாட்டேன். அதிகாலை வண்டியில் சேலம் போய், அங்கிருந்து திரும்புகிற பஸ்ஸின் பின்னால், உலைக்குப் பக்கத்தில் நின்று வருவேன். தொப்பூர் மேட்டில் வண்டி நின்றால் இறங்கி விசிறியைச் சுற்றுவேன். அதற்கும் நகராவிட்டால் தள்ளுவேன். எத்தனை மணிக்கு வந்து சேருவேன் என்று என்னால் சொல்ல முடியாது, ரங்கா.

இப்படிக்கு,
உன் மைத்துனன்,
சதாசிவம்