நன்றியுரையில் இல்லாத பெயர்

ஜனவரி 9

ஹீற்றர் இன்றும் வேலை செய்யவில்லை. மகள் வினோஜா குளிர் ஜாக்கெட்டோடு இருந்து வீட்டுப்பாடம் செய்கிறாள். கட்டிடச் சொந்தக்காரர் இரவிச்சந்திரன் அண்ணைக்கு மறுபடி போன் எடுத்தேன். "பிளம்பர் வெளிக்கிட்டிட்டார் தங்கச்சி." கிறிஸ்மஸுக்கு முன்னரும் வெளிக்கிட்டவர்தான். எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருகிறார் போல.

ஜனவரி 11

தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாக் கூட்டம். வழக்கம்போல நன்றியுரை எனக்கு. பிரதான அனுசரணை, வேறு யார், இரவிச்சந்திரன் அண்ணை. சங்கத் தலைவர் கணேசலிங்கம் அண்ணையும் எங்கள் கட்டிடம்தான், கீழ்மாடி. கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே தலைமை தாங்கினார். குளிர்ந்த வீட்டுப் பழக்கம்.

ஹீற்றரைப் பற்றிச் சங்கம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன். எல்லோரும் தங்கள் தேத்தண்ணியைப் பார்த்தார்கள். தலைவர்தான் வாய்திறந்தார்.

"அது வீட்டு விசயம், ஜெகதீஸ்வரி. மேடையில ஒரு சொல்லும் சொல்லிப்போடாதேங்கோ."

ஓம் என்றேன். கட்டிடமே நடுங்கினால் வீட்டு விசயம். இரவிச்சந்திரன் அண்ணை தந்த பானர் கோணலாகத் தொங்கினால் பொது விசயம்.

ஜனவரி 14

உரை எழுத உட்கார்ந்தேன். போன வருடம் அவரை 'வள்ளல்' என்றேன். இந்த வருடமும் எழுதவேணுமாம் — விறைச்ச கையால! பிள்ளை விடியவிடிய இருமுறாள். நான் ஆருக்கு நன்றி சொல்லுறது? அழுகைதான் வருது.

ஜனவரி 17

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பொங்கியவர்களுக்கு நன்றி. ஆடிய பிள்ளைகளுக்கு நன்றி. ஒலிபெருக்கித் தம்பிக்கு நன்றி. வாசலில் பனி வழித்த பிரெஞ்சுக்காரருக்கு ஒரு மெர்சி. முன்வரிசையில் இரவிச்சந்திரன் அண்ணை பொன்னாடையைச் சரிசெய்து, கைகூப்பி, பாதி எழும்பிவிட்டார். நான் "வணக்கம்" சொல்லி இறங்கிவிட்டேன்.

முன்வரிசையில் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் கைதட்டல். பார்த்தால் எங்கள் கட்டிடத்துச் சனம்.

ஜனவரி 18

காலையிலேயே கணேசலிங்கம் அண்ணை கதவடியில். "என்ன வேலை பாத்தனீங்கள்? ஏன் இரவிச்சந்திரன்ர பேர் வரேல்லை எண்டு சனம் அவருக்கே போன் எடுத்துக் கேக்குதாம்!"

"நான் என்ன அண்ணை சொன்னனான்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதானே பிரச்சினை!"

ஜனவரி 20

பிளம்பர் வந்தார். நல்ல மனிதர், சென்ட் லோரன்டில் இருக்கிறாராம், பஸ்ஸில் கொஞ்ச நேரம். அவரை முதன்முதலாகக் கூப்பிட்டதே நேற்றுத்தானாம்.

பின்னேரம் ஹீற்றர் சுட்டது.

மார்ச் 28

சித்திரை விழா நோட்டீஸ் வாட்ஸப்பில் வந்தது. பிரதான அனுசரணை: இரவிச்சந்திரன். நன்றியுரை: கணேசலிங்கம். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதை என்னிடம்தான் பழகியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் வலித்தது. இத்தனை வருடமாக அது என்னுடைய மைக்.

படியில் கணேசலிங்கம் அண்ணையைக் கண்டேன். தலையில் தொப்பி இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

வினோஜா வெறுங்காலோடு வீடு முழுக்க ஓடித்திரிகிறாள். சொக்ஸ் போடு என்று நான் சொல்லவில்லை.