டிவி போர்டுக்கு ஒரு பொட்டு

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். தூங்குகிறீர்கள், எழுப்ப மனமில்லை. டிவி மெக்கானிக் பதினோரு மணிக்கு வருவார். டிவியைப் பார்க்காமலேயே போனில், "பவர் சப்ளை போர்டு போயிருக்கும்மா, புதுசுதான் போடணும்" என்ற ஆள். கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். பழைய போர்டையே துடைத்து மாட்டினாலும் மாட்டுவார். அதனால் அதன் ஓரத்தில் நெயில் பாலிஷால் பொட்டு வைக்கப் போகிறேன். புது போர்டிலும் பொட்டு இருந்தால் ஆளை விடாதீர்கள். சாப்பாடு மேடைமேல் மூடி வைத்திருக்கிறது.

திரும்ப எழுதுகிறேன். பொட்டு வைக்கப் பின்மூடியைக் கழற்றினேன். மூடியெல்லாம் தூசி, ஸ்க்ரூ தலைகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. போர்டில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி. கால் முளைத்தா போயிற்று? இந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவர்கள் இரண்டே பேர். ஃபியூஸை நான் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, "உங்கிட்ட பேசணும்னா விளம்பரம் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று கத்தினீர்கள். மறுநாள் டிவி செத்தது. "தானா போயிடுச்சு" என்றீர்கள். அன்றிலிருந்து நான் சமைக்கும்போதெல்லாம் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே கதை பேசுகிறீர்கள்.

நீங்கள் எதை ஒளித்தாலும் ஷேவிங் டப்பாவில்தான். திறந்து பார்த்தேன். ஃபியூஸ் இருக்கிறது.

அடியில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபியூஸ் டப்பாவிலேயே இருக்கட்டும். நான் வருவதற்குள் பூண்டை உரித்து வைத்துவிடாதீர்கள்.