இல்லாமல் போன வியாழன்

மார்ச் 3, ஞாயிறு

215. ஓடிவிட்டு வந்து எண்ணை அனுப்பினேன். மகளிடமிருந்தும் 215 வந்தது. வேறு ஒரு சொல் கிடையாது. இருநூற்றுப் பதினைந்து நாளாக அப்பனும் மகளும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா, ஏலம் விடுறீங்களா?" என்கிறாள் மனைவி.

போன வருடம் பள்ளியில் அவளுக்கு ஓட்டப்பந்தயம். நான் ஏதோ ஒரு தொழிற்சாலையில், பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்துக்கு அடியில் ஸ்பானரோடு படுத்துக்கொண்டு, "வழியிலதான்மா இருக்கேன்" என்றேன். ஓடி முடித்துவிட்டுக் கூட்டம் முழுக்கத் தேடியிருக்கிறாள். இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று அவளே வந்து சொன்னாள்: "ரெண்டு பேரும் தினமும் அரை மணி நேரம் ஓடணும். ஓடிட்டு எத்தனாவது நாள்னு நம்பர் அனுப்பணும். ஒரு நாள் விட்டாலும் அவ்வளவுதான்ப்பா."

மார்ச் 5, செவ்வாய்

217. வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டில் வெளியே கால் வைக்க முடியாத பனி. ஓட்டலின் ஆறாவது மாடி நடைவழியிலேயே ஓடினேன். அறை சுத்தம் செய்யும் அம்மாள் தள்ளுவண்டியை ஒதுக்கிவிட்டு, என்னை யார் துரத்துகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

மார்ச் 6, புதன்

218. மாலை விமானம். அடுத்த தொழிற்சாலை பெருங்கடலுக்கு அந்தப் பக்கம். கூட வரும் எலக்ட்ரீஷியனுக்கு நான் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. பெல்ட் மாட்டியதுமே குறட்டை. எனக்கோ உட்கார்ந்தால் தொடை துடிக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

நேற்று எங்கே?

புதன் மாலை ஏறினேன், வெள்ளிக் காலை இறங்கினேன். பறந்தது பதினான்கு மணி நேரம்தான். சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டினால் ஒரு நாள் காணாமல் போகும் என்று தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டான். இது எனக்குத் தெரியாதா? பலமுறை தாண்டியவன்தான். ஓட ஆரம்பித்த பிறகு இதுதான் முதல் தடவை.

போனைத் திறந்தால் அவளுடைய 219 காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் 220.

அறையில் பையைப் போட்ட கையோடு ஓடினேன். என் கணக்கில் 219. அனுப்பியது 220.

விளக்கம் சொல்லியிருக்கலாம். சாக்கு என்று நினைத்துவிட்டால்?

மார்ச் 9, சனி

221 என்று அனுப்பினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு தடவை ஓடினேன் – கணக்கை நேர் பண்ணவாம். யாரை ஏமாத்துறேன்? முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

மார்ச் 11, திங்கள்

223 என்று அடித்தேன். அழித்தேன். இயந்திரத்திலும் ஒரு மூடி சரியாக உட்காரவில்லை. தூங்குமூஞ்சி மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மதியம் அனுப்பியே விட்டேன்: "வியாழக்கிழமை ஓடலைம்மா. பொய் சொல்லிட்டேன்."

இரவுவரை போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஓடினேன். எந்த எண்ணை அனுப்புவது? அவளும் அனுப்பவில்லை.

மார்ச் 13, புதன்

குரல் செய்தி வந்திருக்கிறது. நான்கு தடவை கேட்டுவிட்டேன்.

"உங்க டிக்கெட்ட அம்மா எனக்கும் அனுப்பியிருந்தாங்க. உங்களுக்கு வியாழக்கிழமையே கிடையாதுன்னு முன்னாடியே தெரியும்ப்பா. 219னு அனுப்புவீங்களா, 220னு அனுப்புவீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பந்தயத்துக்கு வராததை அவள் எப்போதோ மன்னித்திருப்பாள். வழியில் இருப்பதாகச் சொன்னதுதான் அவளுக்கு ஆறவில்லை. இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லையே. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

அவளிடமிருந்து வந்தது: 1.

நானும் ஓடிவிட்டு 1 அனுப்பினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்று 38.

இன்று விழிப்பு வந்தும் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை இல்லை, தொழிற்சாலைக்கு விடுமுறை, முட்டியும் நன்றாகத்தான் இருக்கிறது. மாலைவரை புரண்டு புரண்டு படுத்தேன். 39 என்று அனுப்பக் கை போனது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு எழுதினேன்: "இன்னைக்கு ஓடலைம்மா. சும்மா சோம்பேறித்தனம்."

அடுத்த நிமிடம் போன் அடித்தது. அவளேதான். விடுதிச் சாப்பாடு, அறைத்தோழியின் குறட்டை, பாதி வகுப்பைத் தூங்க வைக்கும் கணக்கு வாத்தியார் என்று நாற்பது நிமிடம் பேசினாள். தூங்குமூஞ்சியைப் பற்றிச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். ஓட்டத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

வைக்கப்போகும்போதுதான் சொன்னாள்: "நானும் இன்னைக்கு ஓடலைப்பா."