இலை மஞ்சளானால் என்ன செய்வது?

6 அக்டோபர் 2025
மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது! எங்கள் விவசாயிகள் சங்கத்து வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகக் குவிந்த குரல் பதிவுகளை எழுத்தாக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அர்த்தம் பார்த்துத் தேட வைத்துவிட்டேன். "வேர் நாறுது" என்று வாட்ஸ்அப்பில் பேசிக் கேட்டால், யாரோ எப்போதோ "அடித்தண்டு அழுகிப்போச்சு" என்று பேசியதை எடுத்துத் தருகிறது. ஒரு சொல்கூடப் பொதுவில்லை! இந்த மலையில் இதைச் செய்ய என்னை விட்டால் ஆள் யார்? பெருமைதான். இருக்கட்டும்.

9 அக்டோபர்
நீட்டி முழக்கினால் யார் கேட்பார்கள்? பதிலை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டேன். சங்கத் தலைவர் தனபாலுக்கு ஏக சந்தோஷம். "நறுக்குனு சொல்லுதுங்க" என்றார்.

18 அக்டோபர்
பாவாயி அத்தை மிளகுக் கொடியில் பாதியை வெட்டிப்போட்டுவிட்டார். அப்பாவின் தங்கை, மலையின் அந்தப் பக்கம் தேவனூர் நாட்டு ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவர். "இலை மஞ்சளா போவுது, என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார். என் மெஷின், "பிடுங்கி எரித்துவிடுங்கள்" என்றிருக்கிறது. அது தேமல் நோய் வந்த மரவள்ளிக்கு யாரோ சொன்ன பதில்! அத்தை தோட்டத்தில் வெறுமனே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. வடித்துவிட்டிருந்தால் கொடி தேறியிருக்கும்.

பயிர் பேரைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எங்கூட்ல என்ன வெளையுதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?"

எனக்குத் தெரியும் அத்தை. அதுக்குத் தெரியாதே. தெரியாதுங்கறதும் அதுக்குத் தெரியலையே!

20 அக்டோபர்
சோதித்தேன். "என் செருப்பு எங்கே?" என்று கேட்டேன். மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு மருந்து சொன்னது. சிரித்தேன், அப்புறம் அழுதேன். எதைக் கேட்டாலும், இருப்பதில் எது கொஞ்சம் பக்கமோ அதைத் தூக்கி நீட்டுகிறது. 'இல்லை' என்று சொல்ல நான் பழக்கவே இல்லை.

23 அக்டோபர்
திருத்தி முடித்துவிட்டேன். இனி பயிர் பேர் இல்லையென்றால் திருப்பிக் கேட்கும். சுருக்கம் கிடையாது, பேசியவரின் பெயரும் முழுப் பதிவும் வரும். அர்த்தம் ரொம்ப விலகியிருந்தால் 'தெரியலைங்க' என்றுவிடும். இப்போது இது நல்ல வேலை. தைரியமாகச் சொல்வேன்.

27 அக்டோபர்
சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் மெஷினை மூடிவிடச் சொன்னார்கள். அத்தை கேட்ட அதே கேள்வியைப் போட்டுக் காட்டினேன். "எந்தப் பயிருங்க?" என்றது. சரி, ஓடட்டும் என்றார் தனபால். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். சங்கம் ஒத்துக்கொண்டு என்ன? அத்தை மறுபடி கேட்டால்தான் எனக்கு இது ஜெயித்த மாதிரி.

3 நவம்பர்
நிறையப் பேர் கேட்கிறார்கள். அத்தை இல்லை.

12 நவம்பர்
காலையில் பதிவுகளைத் திறந்தேன். அத்தையின் குரல்! "மொளவுக் கொடிங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார். மிச்சமிருக்கும் கொடிகளில் இலையோரம் சுருண்டு கொப்புளமாகிறதாம். இதுவரை அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. மெஷின், "தெரியலைங்க" என்றிருக்கிறது.

போச்சு என்று நினைத்தேன். கீழே அத்தையின் இன்னொரு பதிவு.

"செரி சாமி. யாரையாச்சும் கேட்டு வெய்யி. நாளைக்கு வாரேன்."